தங்கம் இரண்டு விரற்கடை இறங்கியது

ஆண்டறிக்கை வந்திருக்கிறது, வழவழப்பான தாள்.
நாலாயிரம் மணிநேரச் சொந்த நிகழ்ச்சி,
இரண்டு விருது, இரண்டும் ஒரே புகைப்படத்தில்.
எங்கள் குமரிக்குக் கால் பக்கம்:
திற்பரப்பு அருவி, அதுவும் போன வருசத்துப் படம்.

'சைகைமொழிச் செய்தி, நாள்தோறும்' என்று
பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி.
அந்த வரியை நான் முட்டத்தில் பார்த்தேன்,
பென்சிகர் வீட்டில்,
கரண்டு போய்ப் போய் வந்த ஜூன் சாயங்காலம்.

அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
கடல் எச்சரிக்கை என்றால்
தம்பி வந்து தோளைத் தட்ட வேண்டும்.
அன்று திரையின் மூலையில்
தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள்
ஒரு பெண் கையசைத்தாள்.
அவர் எழுந்து போய்
தம்பியின் தோளைத் தட்டினார்,
வள்ளத்தை மேலே இழுக்க.

நான் படம் பிடிக்கவில்லை.
பேட்டரி தீர்ந்திருந்தது.

திரும்பி வந்து புகார் சொன்னார், தம்பி வாய்வழியே:
கீழே ஓடுகிற தங்க விலை
அந்தப் பிள்ளையின் விரலை வெட்டுது.
காற்று எத்தனை கிலோமீட்டர் என்கிற நேரம்
கையே இல்லை.
பின்னே, அவ காட்டுறது
மெரினாவில் கால் நனைக்கிற அலை.
எங்க அலை இப்பிடி என்று
ஓட்டுக்கூரை வரை கையை உயர்த்தினார்.

தலைமையகத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன்.
மூன்றுக்குப் பதில்: பரிசீலனையில்.
ஒன்றுக்கு, என் பயணப்படி பற்றிய விளக்கம் கேட்டு.

டிசம்பரில் ஒருநாள், யாரும் அறிவிக்காமல்,
தங்க விலை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.
அன்றிரவே முட்டத்திலிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ.
பத்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரிக்கிறார்.
பிறகு முகம் சுளித்து
மறுபடி கூரையைத் தொடுகிறார்:

அலை இன்னும் போதாதாம்.