சறுக்குப்படையின் விலை

எழுபது மரம், நாற்பத்தைந்து பொன்.
ஒரு சறுக்கு வீரனுக்கு நான் வைத்த விலை.
போன மார்ச்சில்,
காபி ஆறிப்போன ஒரு செவ்வாய்க்கிழமை,
கொஞ்சம் அவசரமாக.

இப்போது நவம்பர். தம்பெரே நகரத்தில்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
பழைய பஞ்சாலையின் நான்காம் மாடியில் எங்கள் அலுவலகம்.
கீழே ஆறு இரைகிறது,
திரையில் நான் கூட்டிக் கழிக்கிறேன்.

எங்கள் விளையாட்டில் எல்லா நாட்டுக்கும் ஈட்டிக்காரன் உண்டு.
பதினெட்டு நொடியில் பிறப்பான்,
பேர் தெரியாமல் சாவான்.
சறுக்கு வீரன் வடநாட்டுக்கு மட்டும்.
வெள்ளை அங்கி. தனிக் கொடி.
உறைந்த ஏரிமேல் ரவுனோ இரண்டு நாள் மண்டியிட்டுப்
பதிவுசெய்து வந்த உரசல் ஓசை.
பனியில் குதிரையை முந்துவான்.
சேற்றில் விட்டாலோ
காலில் பலகை கட்டிக்கொண்ட பாவம்.

பனி நிலத்தில் நூற்றுக்கு அறுபத்தொரு வெற்றி,
மற்ற நிலத்தில் நாற்பது.
சராசரி பார்த்தால் பழுதில்லை என்கிறார் வேலி-பெக்கா.
சராசரியில் எவன் சறுக்குகிறான்?
ஒரு பாதி ஆட்டக்காரர்கள் அநியாயம் என்று எழுதுகிறார்கள்,
மறு பாதி, காசுக்குப் பிடித்த கேடு என்று.
இரண்டும் ஒரே வீரனைப் பற்றித்தான்.

நேற்று வேறொரு பட்டியல் எடுத்தேன்:
தோற்றவர்களின் கோட்டைக்குப் பின்னால்
கடைசி நொடியில் உயிரோடு நின்றவர்கள்.
ஈட்டிக்காரர் ஒருவருமில்லை.
சறுக்கு வீரர்கள் பன்னிரண்டு, பதினான்கு பேர்,
கீறல்கூடப் படாமல்.
இழக்க மனம் வரவில்லை, அதனால் இறக்கவில்லை.
இருந்தாலும் ஆயிரம், இறந்தாலும் ஆயிரம் என்று சொல்ல
இது யானையா என்ன?
பூட்டி வைத்தால் பூஜ்யம்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
வீட்டு அலமாரியில் பிரிக்காத மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்று,
கல்யாணத்துக்கு வந்தது.
கல்யாணம் போய்விட்டது,
பெட்டி இருக்கிறது.

வியாழக்கிழமை சோதனை ஆட்டம்.
கணக்குப் பிரிவு ஹில்காவும் ரவுனோவும்.
ஆறாவது நிமிடத்தில் ரவுனோ சறுக்குக் குடிலைக் கட்டினான்.
அவ்வளவுதான் செய்தான்.
ஹில்கா ஒற்றன் கண்ணால் குடிலைப் பார்த்தாள்.
வடக்கே மதில் எழுப்பினாள்,
பிறகு கிழக்கே,
பிறகு மதிலுக்கு ஒரு மதில்.
நானூறு கல் வெள்ளைப் பனியில் போனது.
தெற்கு வாசல் வழியே
இருபது ஈட்டிக்காரர்கள் நடந்தே வந்தார்கள்,
அவசரமில்லாமல்,
சந்தைக்கு வருகிறவர்கள்போல.

இயந்திரம் அறிக்கை கொடுத்தது:
சறுக்கு வீரர்கள், உருவாக்கியது பூஜ்யம்.
வெற்றியில் பங்கு, பூஜ்யம்.

வேகத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது என் அட்டவணையில்,
கவசத்துக்கு ஒன்று,
வில்லின் எட்டத்துக்கு ஒன்று.
பிறக்காத ஒருவன்
எதிரியின் கல்லையெல்லாம் செலவழித்ததை
எந்தப் பத்தியில் எழுத?

ராத்திரி ஒன்பது மணி. பேருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
வீரனின் விலையில் கை வைக்கவில்லை.
குடிலின் விலையை மாற்றினேன்:
நூறு மரம் இனி நூற்றிருபத்தைந்து.
காரணம் எழுதும் கட்டத்தில்
'பயம்' என்று அடித்தேன், அழித்தேன்,
'சிறு திருத்தம்' என்று போட்டேன்.

ரவுனோவுக்கு ஒரே குறை.
முழு ஆட்டத்திலும்
அவன் பதிவுசெய்த ஓசை ஒருமுறைகூட ஒலிக்கவில்லையாம்.

ஒலித்தது என்கிறாள் ஹில்கா.
வடகிழக்கு மூலையில்,
இரண்டு தடவை.