பின்னணிக் குரல்

படகு என்று பொருள் அந்த ஊரின் பெயருக்கு.
ஆறுதான் கண்ணில் படாது.
ஆலைகள் எழுந்த காலத்தில்
ஓடைகளையெல்லாம் குழாயில் இறக்கி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
வூச் நகரத்தில் மழை விட்ட இரவுகளில்
சாக்கடை மூடியில் காது வைத்தால்
கேட்கும் என்பார்கள்.
யாகோடா வைத்துப் பார்த்ததில்லை.
அவள் காதுக்கு வேறு வேலை.

நாளைக்கு எண்ணூறு துணுக்குகள்.
ஏழு வினாடி, பத்து வினாடி.
யாரோ தங்கள் வீட்டில்
மேசைமேல் இருக்கும் கருவியிடம் சொன்னது.
கருவி எழுதிக்கொண்டது சரிதானா என்று
கேட்டுத் திருத்த வேண்டும்.
பெயர் இல்லை, முகவரி இல்லை.
அடையாளம் நீக்கப்பட்டது என்கிறது
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்.
குரலிலிருந்து எதை நீக்குவார்கள்?
மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறது.
பல்செட் கழற்றியபின் வழுக்கும் 'ச' அப்படியே இருக்கிறது.

முட்டை எத்தனை நிமிடம் வேகணும்.
விளக்கை அணை.
விளக்கை அணைன்னு சொன்னேன்.
கணவன் போனை அவனுக்குத் தெரியாமல் திறப்பது எப்படி.
பிறகு, யாரையும் கூப்பிடாத ஓர் அழுகை.
தன் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று
கருவி விழித்துக்கொண்டிருக்கிறது.
அதற்கு அவள் இடவேண்டிய குறி:
பேச்சு இல்லை.

ஒருவர் மட்டும் அடிக்கடி வருவார்.
"ரெய்க்யாவிக்கில் வானிலை எப்படி?"
'ரெ'யில் தடுக்கி 'விக்'கில் விழுந்து எழுவார்.
ரேகை ஆவி விக்கல் என்று
எழுதி வைத்திருக்கும் கருவி.
அவள் திருத்துவாள்.
பதில் துணுக்கில் வராது என்பதால்
தன் போனில் தானே பார்த்துக்கொள்வாள்.
காற்று. பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு.
"லிதியாவைக் கூப்பிடு" என்பார் சில நாள்.
"மறுபடி கூப்பிடு."
மகளாகத்தான் இருக்கும். எடுப்பதில்லை.

பிறகு ஒரு செவ்வாய்.
அதே கேள்வி, அதே தடுமாற்றம்,
பின்னால், சுவருக்கு அப்பால்,
ஒருத்தி கத்துகிறாள்:
"காயெத்தான், ஷூவைக் கழட்டிட்டு வா,
எத்தனை தடவை சொல்றது!"

காயெத்தான் அவள் மகன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு
நாட்காட்டி தொங்கும் சுவரைப் பார்த்தாள்.
மறுபடி மாட்டினாள், மறுபடி கேட்டாள்.
இவ்வளவு சிடுசிடுப்பா என் குரல்.
பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் வேண்டாம். சரி,
பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் மேல்
என்ன உட்கார்ந்திருக்கிறது என்று
எந்தப் பக்கம் பார்ப்பது?
படிவம் காத்திருந்தது.
பின்னணிக் குரல்: உண்டு. பெண்.
சொற்கள்?
புரியவில்லை என்று குறித்தாள்.
கணக்கில் நாலு காசு ஏறியது.

வியாழன் மாலை லிஃப்ட் ஓடவில்லை.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
உருளைக்கிழங்குப் பையோடு
பக்கத்து வீட்டு ஸெனோன் மூச்சு வாங்க நின்றார்.
அந்த மூச்சை அவள் எங்கும் அடையாளம் காண்பாள்.
பையை வாங்கிக்கொண்டாள்.
இரண்டு படி ஏறியதும் வாய் முந்திவிட்டது:
"ரெய்க்யாவிக்கில் இன்றைக்குப் பனி இல்லையாம்."

அவர் நின்றார்.
நேரம் முடிந்து படிக்கட்டு விளக்கு அணைந்தது.
இருட்டிலிருந்து வந்தது:
"உங்களிடம்... நான் சொன்னேனா?"
"சொன்னீர்களே. ஈஸ்டருக்கு முன்னால்."
"சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் எதுவும் நிற்பதில்லை.
ஞாபகம் வைத்துக் கேட்டீர்களே, நன்றி."

இரவு உருளைக்கிழங்கின் மண்
அவள் நகக்கண்ணிலேயே இருந்தது.

அடுத்த வாரம், அறுநூற்றுச் சொச்சமாவது துணுக்கு.
வானிலை இல்லை.
நிதானமாக, டாக்டரிடம் கேட்பதுபோல்:
"பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்
லிதியாவைப் பற்றி நான் எப்போது சொன்னேன்?"

திரையில் பார்த்தாள்.
இத்தனை நாள் அவள் திருத்தித் திருத்திக் கொடுத்ததில்
கருவி தேறிவிட்டிருந்தது.
ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.
அவள் செய்ய மிச்சம் இருந்தது
'சரி' என்ற பச்சைப் பொத்தானை அழுத்துவது.