குத்தூசி

புதுவயல் மில்லில் நெல் லாரி வந்து நின்றால்
நான் மேல்மூட்டையைத் தொடுவதில்லை.
மேல்மூட்டை, பெண் பார்க்க வந்தவர்களுக்கு
வைத்த பலகாரம்.
அடியடுக்கில், நடுவில்,
தார்ப்பாய் விலகிய மூலையில்
குத்தூசியைச் செருகி
உள்ளங்கையில் கொட்டி
ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன்.
ஈரம் பதினேழு என்று பல் சொன்னால்
மீட்டரும் அதையே சொல்லும்.

பதினோரு வருடம் இந்த வேலை.
கம்பெனிகளின் ஆண்டறிக்கை படிக்க ஆரம்பித்து
பதினோரு மாதம்.

முதலில் படம்தான் பார்த்தேன்:
தலைவரின் சிரிப்பு, ஹெல்மெட் போட்ட பெண்கள்,
ஏறிக்கொண்டே போகும் பச்சைப் பட்டைகள்.
ஈரம் இருப்பது
நூற்றி நாற்பதாம் பக்கத்துக்கு மேல்
பொடி எழுத்துக் குறிப்புகளில் என்று
அப்புறம்தான் தெரிந்தது.

கடன்பத்திரம் ரொம்பப் படுத்தியது.
வட்டி ஏறினால்
பத்திரத்தின் விலை ஏன் இறங்க வேண்டும்?
மூன்று ராத்திரி.
நாலாம் நாள் காரைக்குடி பஸ்
ரயில்வே கேட்டில் நின்றபோது
சும்மா வந்து விழுந்தது:
ஊரெல்லாம் ஒன்பது கொடுக்கும்போது
என் ஏழு வட்டிக் காகிதத்தை
முழுவிலைக்கு எந்த மடையன் எடுப்பான்?
வாய்விட்டுச் சிரித்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி
பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

லோடிங் பார்க்கும் வயிரவன்
ஒரு பங்கு சொன்னான்.
குழாய்க் கம்பெனி. மூன்று வருடத்தில் லாபம் இரட்டிப்பு.
ஊசியைச் செருகினேன்.
விற்பனை கூடியது முப்பது சதவீதம்,
வரவேண்டிய பாக்கி கூடியது எண்பது.
லாபம் என்று எழுதியதில்
ரொக்கமாய் வந்தது பாதிகூட இல்லை.
இந்த வாடை எனக்குத் தெரியும்.
போன தையில் பாலக்காட்டு வியாபாரிக்கு
ஆறு லோடு அனுப்பிவிட்டு
லெட்ஜரில் லாபம் எழுதினது இதே கைதான்.
இன்னும் வாரம் இரண்டு தடவை போன் போடுகிறேன்.
"திங்கட்கிழமை, மேடம்."

வாங்கவில்லை.
வயிரவன் வாங்கினான்.

சித்திரைக்குள் நாற்பது சதவீதம் ஏறியது.
பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு
மில்லில் எல்லோருக்கும் வெள்ளைப் பணியாரம்
வாங்கி வந்தான், எனக்கு மட்டும் இரண்டு கூடுதல்.
தின்றேன். காரச் சட்னி நன்றாகவே இருந்தது.

கோடு போட்ட நோட்டில்
தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்:
வாங்காத காரணம், பாக்கி, பக்கம் 143.
கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.
தப்புக்கும் அவசரப்பட்ட சரிக்கும்
சந்தையில் ஒரே விலை போல,
வலி மட்டும் இப்போதைக்கு என் பேரில்.

வெளியே ஹாரன்.
பட்டுக்கோட்டை வண்டி, நானூறு மூட்டை.
டிரைவர் மேலே ஏறி
முதல் மூட்டையை எனக்காகப் பிரிக்கிறான்.