பதினோரு ஹெக்டேர்

இரவுப் பணி. ஊலு நகரம் வெளியே
பனியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக் கிடந்தது.
இரண்டு முறை ‘வருந்துகிறோம்’ வாங்கியவள் நான்.
மூன்றாவது கடிதத்தை மருந்தறையில் நின்றபடி
கைபேசியில் படித்தேன்:
வேன்லா கீஸ்கினென். ஓராண்டு. இருபத்தாறாயிரம் யூரோ.
கெர்த்து துஹ்கனென் நினைவு நிதி.

யாரது என்று கேட்டேன்.
அறக்கட்டளைச் செயலாளர் ரைதா கோப்பைப் பிரித்தாள்.
காகித ஆலையில் தாள் எண்ணியவள்.
ஒரே பையன், இல்மோ, நாலு வயசு.
தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்தான்.
வயிற்றுப்புழு என்றார் மருத்துவர்.
சர்க்கரை என்று தெரிந்தபோது
தெரிந்து பயனில்லை.
ஐம்பத்தெட்டு, மார்ச்.
அறுபது வருஷம் கழித்து உயிலில் எழுதினாள்:
‘காட்டை விற்றுக்கொள்ளுங்கள்.
பேர்பெற்ற மருத்துவருக்கு வேண்டாம்.
இனிமேல்தான் தொடங்கப்போகிறவருக்கு.’

மரம் அறுத்த கம்பெனியில் விசாரித்தேன்.
ஸ்ப்ரூஸ் ஒன்றுக்கு நாற்பது யூரோ, தோராயமாக.
அன்றிலிருந்து எனக்கு மரக்கணக்குதான்.
சோதனைத் தட்டு ஒன்று: இருபது மரம்.
மைனஸ் எண்பதில் உறைபெட்டி, மாதத்துக்கு: ஏழு.
நவம்பரில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
ஒரு வரிசை முழுக்க மாற்றி ஊற்றிவிட்டேன்.
ஏற்கெனவே வெட்டுண்ட இருபது மரம்
மறுபடி சாய்ந்தது.
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஏப்ரலில் காரெடுத்துப் போய்ப் பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் அடிக்கட்டைகள்.
எந்திரம் உழுத பள்ளங்களில் பனி உருகிய நீர்.
சட்டத்துக்காக நட்ட கன்றுகள்,
முழங்கால் உயரம்கூட இல்லை.
ஒரு கட்டையில் குந்தி, பேனா முனையால்
ஓரத்திலிருந்து உள்ளே வளையங்களை எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு மெலிந்திருக்கும் என்று நினைத்தேன்.
இல்லை.
அந்த வருஷம் மரம் நன்றாகவே பருத்திருந்தது.
கோபம் வந்தது. பிறகு பசி.
காரில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

ஆகஸ்டோடு பணம் முடிகிறது.
படிவம் வந்துவிட்டது:
‘இந்நிதியால் விளைந்த பயன், ஐந்நூறு எழுத்துக்குள்.’
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
அதில் ஒன்பது பேரின் கோடு
பதினான்காம் மாதத்தில் மேலே திரும்புகிறது.
ஏன் என்று தெரியவில்லை.
இன்னொரு வருஷம் தந்தாலும் தெரியாமல் போகலாம்.
இதை எழுதினேன். அழித்தேன்.
மறுபடி இதையே எழுதினேன்.
எழுத்து மிச்சமிருந்தது.

ஸ்டிக்கர் வாங்கிய ரசீதை மட்டும்
ரைதா திருப்பி அனுப்பினாள், விதியில் இடமில்லையாம்.
ஆகவே டைனோசர்கள் என் சொந்தச் செலவு.
அவற்றுக்காக ஒரு மரமும் விழவில்லை.

வியாழக்கிழமை ஓஹ்தோ வந்தான், மூன்று வயது.
தானே சட்டைக்கையைச் சுருட்டினான்.
“போன தடவை இந்தக் கை.
இன்னிக்கு அந்தக் கை.”
ஒன்பதில் ஒன்று அவன் கோடு.
அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

குழாய் நிரம்பும்போது அப்பா சொன்னார்,
பஸ்ஸில் வரும்போது
இரண்டு தடவை தண்ணீர் கேட்டான் என்று.
சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

காலையில் உப்புமீன் ஏதும் தின்றானா, கேட்டேன்.

தின்றான் என்றார்,
மிக வேகமாக.