இருபது கட்டம் முன்னால்

கம்பெனி வேன் எங்கள் சந்துக்குள் நுழையாது.
விடிகாலை நாலரைக்குக்
கல்மண்டபம் முனையில் நின்று ஹாரன் அடிக்கும்.
செசிலி அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி
மீன் கழுவிய ஈரத்தைத் தாண்டிப் போவாள்.
வேனில் ஏறிய பிறகுதான் அவள்
குமாரி ஹம்சமாலா.

அப்பா மதலைமுத்து துறைமுகத்தில் வின்ச் டிரைவர்.
'நான் எறக்குற பொட்டியெல்லாம் யாருக்கோ போவுது,
இதுவும் அப்டித்தான்'
என்று டீக்கடையில் சொன்னாராம்.

மொத்தம் இரண்டரைப் படம்.
முதலாவதில் ராணிக்கு விசிறி வீசினாள்.
அந்த அரைப் படம்,
முதலாளி கடனுக்குப் பயந்து ஓடிப்போனதில்,
கோடம்பாக்கத்தில் ஒரு அட்டை அரண்மனையாக
இரண்டு மழைக்காலம் ஊறிக்கொண்டு நின்றது.
நடுவில் வந்ததுதான் எங்கள் படம்.
தோழி வேஷம். ஏழு வசனம்.

ஏழு வரியையும் குழாயடியில் மனப்பாடம் செய்தாள்.
'அதோ வருகிறார்கள்' என்பது
அவள் வாயில் 'அதோ வர்றாங்கோ' ஆகிவிடும்.
ராயபுரம் நாக்கு, என்ன செய்ய.
டைரக்டர் கோபிக்கவில்லையாம், சிரித்தாராம்.
கும்பகோணத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து
ஏழு வரியையும் பேச வைத்தார்கள்.
சிரிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள்.
அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சிரிக்க வரவில்லை.

நான் அப்போது வண்ணாரப்பேட்டைக் கொட்டகையில்
புரொஜக்டருக்குக் கார்பன் மாற்றும் பையன்.
முதல் ஞாயிறு
சந்து மொத்தமும் வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்தது.
அவள் வாயைத் திறந்தாள். யாரோ பேசினார்கள்.
மதலைமுத்து மாமா
வேட்டி நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்தார்.
ஆறாவது ரீலில்
ராஜகுமாரன் படிக்கட்டில் வழுக்கி விழ,
அடித்தொண்டையிலிருந்து கிளம்பி
நடுவில் ஒரு விக்கலோடு
காலிக் குடம் உருண்டது மாதிரி ஒரு சிரிப்பு.
'டேய், நம்ம செசிலிடா!'
பெஞ்சுக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்.
கடைசி வரிசையில் அவள்
முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் குடல் காய்ச்சல்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டில்
செசிலி, வயது இருபத்திரண்டு.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்த வாரம் எங்கள் கொட்டகையில்
அதே படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.
கல்லறையிலிருந்து நேரே வந்து ரீலைப் பிரித்தேன்.
பல்புக்கு எதிரே பிடித்து
அவள் வாய் திறந்திருக்கிற இடமாகப் பார்த்து
ஒரு முழம் வெட்டினேன்.
பூக்காரி அளக்கிற அதே முழம்.
மிச்சத்தை ஒட்டிவிட்டேன்.

எனக்குத் தெரியாது,
பிலிமில் சத்தம்
படத்துக்கு இருபது கட்டம் முன்னால் பதிந்திருக்கும் என்று.
அன்றைய மாலைக் காட்சியில்
ராஜகுமாரன் விழுந்தான்.
எழுந்தான்.
உடையைத் தட்டிவிட்டு
'யாரங்கே' சொல்ல வாயைத் திறந்தான்.
செசிலி சிரித்தாள்.

கொட்டகை ஓவென்று கத்தியது.
ஆபரேட்டர் என்னை அறைந்தார்.
பெட்டி அப்படியே திரும்பிப் போயிற்று.
பிறகு சௌகார்பேட்டையில் எங்கோ
வெள்ளிக்காகக் கழுவினார்கள் என்றும்
மிச்சம் வளையலானது என்றும் கேள்வி.

என் முழத்தில்
இருபத்தினாலு செசிலிகள் வாயைத் திறந்தபடி.
ஓரத்தில் நடுங்கும் மெல்லிய கோட்டில்
ராஜகுமாரனின் 'யாரங்கே'.

புகையிலை டப்பாவைத் திறந்தால்
இப்போதெல்லாம் காடி வாசனை.
ஊறுகாய் ஏதாவது கெட்டுப்போச்சா மாமா
என்று மருமகள் கேட்கிறாள்.