பதம் பார்த்தல்

கவுந்தப்பாடி ஏலத்தில்
மூட்டைக்குள் கைவிட்டு
இரண்டு விரலில் சர்க்கரையைத் தேய்த்து
"இதுல சீனி கலந்திருக்குதுங்க" என்று
யார் முகமும் பாராமல் சொல்லிவிடுவார் பொங்கியண்ணன்.
நாக்கில் வைப்பதில்லை.
நாக்கு ஆசைப்படும், விரல் ஆசைப்படாது
என்பது அவர் கணக்கு.

மாசிக் கடைசியில், கரும்பு வெட்டுக்கு ஆள் போதாமல்
தானே இறங்கிய அன்று
சோகை ஒன்று அவர் வலக்கண்ணைப்
பதம் பார்த்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியிடம்
சங்கில் வாங்கிய தாய்ப்பால் இரண்டு சொட்டு.
ஆறாம் நாள் கோயமுத்தூர் பஸ்.
டாக்டரம்மா திட்டிய திட்டு
மூன்றாம் மாடியில் எனக்கே கேட்டது.

சுரண்டி அனுப்பிய கண்ணாடிச் சில்லில்
ஈரச் சுண்ணாம்பு போல் ஒரு தீற்றல்.
காரத்தில் ஒரு சொட்டு விட்டு
நாற்பதில் வைத்துக் குனிந்தேன்.
இருந்தது.
கிளைவிட்டு, கணு கணுவாக.
கரும்பைப் போலவே கணு.

பின்னறைக் குளிர்பெட்டியில்
இதன் பங்காளி ஒன்றிடமிருந்து பிரித்த புரதம் இருக்கிறது.
லெக்டின்.
கண் கிடையாது, மூக்கு கிடையாது.
பல்லடத்துக் காற்றாலைக்கு மூன்று இறக்கை,
இதற்கு ஆறு.
இடுக்குக்கு இடுக்கு ஒரு குழி.
குழிக்கு ஒரு சர்க்கரை.

நம் செல்களின் மேலெல்லாம்
காப்புக்கட்டுக்கு ஒடிக்கும் பூளைப்பூ மாதிரி
சர்க்கரைச் சங்கிலிகள் நிமிர்ந்து நிற்கின்றன.
குளூக்கோஸ் உரசினால் அந்தக் குழி அசையாது.
காலக்டோஸுக்கும் அப்படியே.
ஃபியூகோஸ் என்றொரு சர்க்கரை,
ஒரு மூலையில் ஆக்சிஜன் ஒன்று குறைந்தது,
அது வந்தால் மட்டும்
குழியிலிருந்த நீர் எழுந்து இடம் விடுகிறது.
பலமான பிடி என்று சொல்ல முடியாது.
நழுவும்.
ஒன்று நழுவும் நேரம் இன்னொன்று பிடித்திருக்கும்.
கண்ணபுரத்து மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல்கள் பேசி முடித்த பிறகுதான்
மாடு கைமாறியதே நமக்குத் தெரியும்.
அப்படி.

கண்ணில் கட்டோடு மருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்
படம் போட்டுக் காட்டச் சொன்னார்.
ரசீதின் முதுகில் வரைந்தேன்.
"ஏனுங் அம்மிணி,
அதுவும் தொட்டுத்தான் கண்டுபுடிக்குதுங்களா?"
ஆமாங்க.
"அப்பக் கலப்படம் வெச்சா ஏமாறுமுங்களா?"

நான் சிரிக்கவில்லை.
நான்கு வருடமாக எங்கள் வேலையே அதுதான்.
வெறும் ஃபியூகோஸை முதலில் கொட்டுகிறோம்,
ஆறு குழியும் நிறைகிறது,
பக்கத்தில் நிற்கும் செல்லை அது தொடுவதில்லை.
கிண்ணத்தில் ஏமாறுதுங்க, கண்ணுல இன்னும் வெச்சுப் பாக்கலீங்க
என்றேன்.
மணிக்கொரு சொட்டு மருந்துதான் இப்போதைக்கு.

அன்றிரவு உக்கடத்தில் பஸ் நகராமல் நின்றபோது
அந்தச் சங்கு ஞாபகம் வந்தது.
தாய்ப்பாலிலும் இருக்கிறது,
ஃபியூகோஸைத் தலையில் சுமந்த சர்க்கரை.
குழந்தையின் குடலுக்குள்
கிருமிகளின் கைகளுக்கு அது கொடுக்கும்
பொய் மூட்டை.
டாக்டரம்மா திட்டியது சரி.
புண்பட்ட கண்ணில் பால் விட்டால்
புதிதாக நாலு கிருமிதான் குடியேறும்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் மறுவாரம் சங்கோடு பத்துப் பேர் வருவார்கள்.
ஆனாலும் பஸ் சிங்காநல்லூர் தாண்டும்வரை
அந்த இரண்டு சொட்டு
என்னை விடவில்லை.

வைகாசியில் வந்தார்.
வலக்கண்ணில் நீர்மோர் நிறத்தில் ஒரு தழும்பு.
வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லையாம்.
"ஏலத்துக்கு இது போதுமுங்க."

காகிதத்தில் மடித்த சர்க்கரையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
கையுறையைக் கழற்றி
இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன்.
மணல் மாதிரி.
கொஞ்சம் ஈரம்.
திரும்பவும் தேய்த்தேன்.