தாமதப் பதிவு

டான்டினோங்கில் ஜூலை மாதத்துக் காலை.
காரின் கண்ணாடியில் படிந்த பனியை
காலாவதியான நூலக அட்டையால் சுரண்டிவிட்டு
ஏழே காலுக்கு உள்ளே வந்தேன்.
பட்டியலில் பதினான்கு பேர்.
நேற்றிலிருந்து எல்லோரும் பட்டினி.
குடல் கழுவிய களைப்பில்
ஒரே கேள்விதான் எல்லோருக்கும்:
தேநீர் எப்போது?

டாக்டர் ஹால்வர்சன் எழுதுவதில்லை, சொல்வார்.
கண் திரையில், கை குழாயில்,
வாய் மட்டும் என் பக்கம்:
"இன்னொரு ஐம்பது."
எதில் ஐம்பது என்று கேட்பேன்.
கேட்டே ஆகவேண்டும்.
"பென்டனில், ஐம்பது மைக்ரோகிராம்"
என்று திருப்பிச் சொல்வேன்.
ஆம் என்பார்.
எரிச்சலோடு சொன்னாலும் ஆம் ஆம்தான்.

ஏழாவது ஆள் லாம்ப்ரோஸ், வயது எழுபத்தொன்று.
மணிக்கட்டில் சிவப்புப் பட்டி: பெனிசிலின் ஆகாது.
மிடசோலம் இரண்டு மில்லிகிராம் ஏறியதும்
கண் பாதி மூடி
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"கதவைப் பூட்டினாயா, டெஸ்பினா?"

அந்த நேரம் பார்த்து
கணினி நின்றுவிட்டது.
வட்டம் சுழல்கிறது, சுழல்கிறது.
ஒட்சிசன் தொண்ணூற்று நான்கு.
அடுத்த ஆள் கதவருகே, வண்டிலில்.
இன்னொரு ஐம்பது என்கிறார்.
திருப்பிச் சொன்னேன், கொடுத்தேன்.
இடது கையுறையின் முதுகில்
நீலப் பேனாவால் எழுதினேன்:
பெ 50, 10:42.

பிறகு கையுறையைக் கழற்றினேன்.
எல்லாக் கையுறையையும் கழற்றுவதுபோல,
உள்பக்கம் வெளியே வர.

மாலை ஐந்து நாற்பது.
நானும் மரிவிக்கும் மருந்துப் புத்தகத்தின் முன்.
புத்தகத்தில் நூறு வெளியே போயிருக்கிறது,
அவள் கையெழுத்து, என் கையெழுத்து.
திரையில் ஐம்பதுதான் ஆளுக்குள் போயிருக்கிறது.
கொட்டியதாகவும் குறிப்பில்லை.
மிச்சம் ஒரு மில்லி.
கண்ணுக்கு விடும் மருந்தைவிடச் சற்று அதிகம்,
ஒருத்தியின் வேலையைப் பறிக்கப்
போதுமான அளவு.

மரிவிக் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்கு
அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதைப் பார்த்தேன்.

மஞ்சள் தொட்டியை இடுக்கியால் கிளறினோம்.
இருபது, முப்பது கையுறைகள்,
சுருண்டு, ஈரமாய்,
யாருடையதென்று தெரியாத கைகள்.
ஒவ்வொன்றாகப் புரட்டி
ஒன்றின் உள்ளே
என் எழுத்தைக் கண்டோம், தலைகீழாக.

டாக்டர் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி நின்றார்.
"பத்து நாற்பத்திரண்டென்றே போட்டுவிடு.
நேரக் கட்டம் மாறும்தானே.
உண்மையும் அதுதானே."
கொடுத்த நேரம் அது, டாக்டர்.
எழுதிய நேரம் அதுவல்ல.
ஏழு மணி நேரம்
அந்த ஐம்பது எங்குமே இல்லாமல் இருந்தது.
அதையும் எழுதவேண்டும்.

"17:51. தாமதப் பதிவு.
10:42க்கு வாய்மொழி ஆணை,
திருப்பிச் சொல்லி உறுதிசெய்தது.
கணினி இயங்கவில்லை.
கையுறையில் குறித்தேன்."
கடைசி வரியைப் படித்து
ஒரு தடவை மூச்சுவிட்டார்.
ஒப்பமிட்டார்.
கோட்டின் மற்றக் கையை மாட்டிக்கொண்டு போனார்.

லாம்ப்ரோஸ் மத்தியானமே வீடு போய்விட்டார்,
மகனோடு, இரண்டு ரொட்டித்துண்டும் தேநீருமாக.
"ஒன்றுமே நினைவில்லை" என்று சிரித்தார்.
அந்த மருந்தின் வேலை அது.
அவருடைய இருபத்தாறு நிமிடம்
இனி என் எழுத்தில்தான் இருக்கிறது:
நாடி, அழுத்தம், அளவு, நேரம்.
டெஸ்பினாவுக்கு அதில் கட்டமில்லை.
மனைவியா, மகளா,
இருக்கிறாளா என்றும் தெரியாது.
பூட்டிவிட்டேன் என்று
நான் அவருக்குச் சொன்ன பதிலும்
எங்கும் இல்லை.
ஆணையில்லாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

மரிவிக் விளக்கை அணைத்தாள்.
மருந்து அலுமாரியின் சாவியைத் திருப்பி
கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.